உத்திரமா, வளைவா? சந்திரகிரி ராஜ மகாலும் சித்தூர் வட்டார வீட்டுக் கூரைகளும்

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலைப் பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் செய்தி ஒன்று உண்டு. மூன்று தளங்கள் கொண்ட அம்மாளிகையின் கட்டுமானத்தில் மரமே இல்லை. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை மட்டுமே. பலர் இதை விந்தை என்று வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். மரத்தை விலக்கியதற்கு அக்கட்டடம் எதை விலையாகக் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கூரை முறையைத் தேரும்போது முதலில் கணக்கிட வேண்டியது அந்த விலையையே என்பது என் வாதம்.

மரத்துக்குப் பாரத்தில் வளையும்போது எழும் இழுவிசையைத் தாங்கும் இயல்பு உண்டு. கல்லுக்கு அது மிகக் குறைவு: கருங்கல்லின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இதுவே முதற்காரணம். தாங்கல்களுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால், ஒரே சீரான பாரத்திலும் உத்திரத்தை வளைக்கும் விளைவு, அதாவது வளைதிருப்பம், நான்கு மடங்காகும். மரமும் வேண்டாம், தூண் காடும் வேண்டாம் என்றால் எஞ்சுவது வில்வளைவும் குவிமாடமும். இவற்றில் செங்கல் அமுக்கத்திலேயே நிற்கும். ஆனால் வளைவு சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அதன் உயரத்தைப் பாதியாக்கினால் தள்ளுவிசை இரட்டிக்கும். அந்த விசையை விழுங்கத் தடித்த சுவர் வேண்டும், அல்லது அண்டை வளைவு எதிர்த்துத் தள்ள வேண்டும். ராஜ மகாலின் கனத்த சுவர்களையும் வரிசை வரிசையான வளைவுகளையும் அழகுக்காக மட்டும் அமைந்தவையாக என்னால் பார்க்க முடியவில்லை. அரசனால் அந்த விலையைக் கொடுக்க முடிந்தது. முப்பதடி மனையில் வீடு கட்டுபவருக்கு ஒவ்வொரு அங்குலச் சுவரும் அறையைத் தின்னும்.

சித்தூரை உள்ளடக்கிய ராயலசீமையின் மித்தெ வீடு எதிர்த்திசையில் சென்றது. நெருக்கமாக அடுக்கிய மர உத்திரங்கள், அவற்றின் மேல் குச்சியோ பலகையோ, அதற்கு மேல் கனமாக மண். வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் மண்கூரை தரும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் 20 சென்டிமீட்டர் மண், சதுர மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாது. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் தளமோ சுமார் 250 கிலோதான். எளிய கூரை என்று நாம் நினைப்பதே இரண்டில் பாரமானது! மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். அதனால்தான் அவ்வீடுகளின் அறைகள் ஒடுங்கியிருக்கின்றன, அகன்ற இடங்களில் நடுவே மரக்கால் நிற்கிறது. கறையான் வேறு கதை.

1865இல் பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடு, கூரையின் எடையைச் சதுர மீட்டருக்கு 65 கிலோ அளவுக்கு இறக்கியது. இங்கும் ஒரு விலை உண்டு. சாய்ந்த கைமரங்களின் அடி வெளிப்புறம் நழுவப் பார்க்கும்; குறுக்குச் சட்டத்தால் கட்டாவிட்டால் சுவர் பிளக்கும். இந்தச் சட்டத்தை மிச்சம்பிடிப்பது வீண் சிக்கனம்.

எனவே முடிவு அறையின் அகலத்திலிருந்து தொடங்கட்டும். பத்தடி அறைக்கு மர உத்திரமும் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் இன்றும் தகும், நல்ல மரமும் கைதேர்ந்த கொத்தனாரும் கிடைத்தால். பதினைந்தடியில் வளைதிருப்பம் அதைவிட இரண்டேகால் மடங்கு. அங்கே கம்பி கட்டிய கான்கிரீட்டே நடைமுறை. அதிலும் கீழ்ப்பாதிக் கான்கிரீட் இழுவிசையில் பெரிதாக உழைப்பதில்லை. அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்து எடையையும் சிமெண்டையும் குறைக்கும் முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பினார். சித்தூர்ப் பக்கம் அதைத் தயங்காமல் கையாளலாம்.

இவ்வளவு கணக்கையும் ஒரு கேள்வி புரட்டிவிடும்: நாளைக்கு மேலே மாடி எழுப்புவீர்களா? ஆம் என்றால் சாய்ந்த ஓட்டுக்கூரை முதலிலேயே விலகிவிடும். வளைவை மேலே நிரப்பிச் சமதளமாக்கலாம், ராஜ மகாலைப் போலத் தளத்தின் மேல் தளமும் ஏற்றலாம். அப்போது அந்த நிரப்பின் பாரத்துக்கும் சேர்த்துச் சுவரின் தடிப்பை அடித்தளம் போடும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.