இரவல் பாதைகள்: நேப்பியர் பாலம் முதல் திருவான்மியூர் வரை ஓட்டத்தடங்களின் வரலாறு

ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகுமுன் நேப்பியர் பாலத்தில் ஓடத் தொடங்குபவர் மெரினா, சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர் எல்லாம் கடந்து திருவான்மியூர் வந்து சேர்வதற்குள் பொழுது நன்றாக விடிந்திருக்கும். தூரம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சென்னையில் ஓடுகிறவர்களிடம் அழகான வழி எது என்று கேட்டால் பெரும்பாலும் இதில் ஒரு துண்டைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்த வழியில் ஓடுபவர்களை நினைத்துப் போட்ட பகுதி என்று ஒன்றைக் காட்டுவது கடினம். துறைமுகம் ஒதுக்கிய மணல், ஓர் ஆன்மிக சபையின் மதில், வீட்டுவசதி வாரியத்தின் மனைப்பிரிவு, மீனவக் கிராமங்களைக் கோத்துப் போட்ட சாலை என ஒவ்வொன்றும் வேறு ஏதோ காரணத்துக்காக உண்டானது. ஓடுபவர்கள் அவற்றை விடியற்காலையில் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த இரவலின் முதல் பகுதி மெரினா. 1875-க்கு முன் அங்கே இன்றிருக்கும் அகலத்துக்கு மணல் கிடையாது. அந்த ஆண்டு சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியது. சோழமண்டலக் கரையோரம் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தின் கற்சுவர்கள் அதை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. தெற்கில் குவிந்த மணலின் ஓரமாக ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் ஓர் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவில் தாம் கண்டதை நினைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். தென்சென்னைக்கு நடைவெளி கிடைத்த அதே காரணத்தால் வடசென்னை கரையை இழந்தது. மெரினாவின் அழகைப் பாடும் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

கிராண்ட் டஃப் காலத்து உலா மாலை நேரத்துக்குரியது. வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசும்போது கோச்சு வண்டிகளில் வந்து காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். ஓடுபவருக்கு அந்த நேரம் உதவாது: தரையெல்லாம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், சாலையில் வண்டிகளும் மணலில் கூட்டமும் நிறைந்திருக்கும். சென்னையின் ஓட்டம் விடியலுக்கு இடம் மாறியதற்கு முதற்காரணம் தட்பவெப்பம். மே மாதக் கடைசியில் காலை 5.40-க்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். ஏழு மணிக்குள் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். நீண்ட தூரம் ஓட வேண்டுமென்றால் நாலரைக்கே இறங்கியாக வேண்டும். கடற்கரையில் ஓடினால் குளுகுளுவென்று காற்று வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அந்த நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அதுவும் வீசினால்தான்.

அடையாற்றைத் தாண்டினால் தடத்தின் தன்மை மாறுகிறது. 1882-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் ஆற்றின் தென்கரையில் ஹட்ல்ஸ்டன் தோட்டத்தைத் தாங்கள் நிறுவிய பிரம்மஞான சபைக்காக வாங்கினார்கள். அன்று 27 ஏக்கர். பின்னால் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்று ஏறத்தாழ 260 ஏக்கர். நகரம் நாலாபக்கமும் நெருக்கிய பிறகும் இந்தத் தோப்பு தப்பிப் பிழைத்தது தனியார் சொத்தாக இருந்ததால்தான். அதன் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது, விழுதுகள் நிற்கின்றன. இதே சபையின் கடற்கரையில்தான் 1909-இல் சபையின் முன்னணியினரில் ஒருவரான லெட்பீட்டர், பின்னாளில் தத்துவ அறிஞரான கிருஷ்ணமூர்த்தியைச் சிறுவனாகக் கண்டார். முதுமையிலும் சென்னைக்கு வரும்போதெல்லாம் அதே கரையில் மாலை நடை போவது ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு வழக்கம், 1986 ஜனவரியில் நடந்தது கடைசி நடை.

சபையின் வாயில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே திறக்கும். ஆகவே ஓடுபவர்களுக்கு வாய்த்தது பெசன்ட் அவென்யூ, மதிலை ஒட்டிப் போகும் சாலை. மரங்கள் மதிலுக்கு உள்ளே, நிழல் மட்டும் வெளியே. கிண்டிப் பக்கமும் இதே கதைதான். 1959-இல் பழைய ஆளுநர் காட்டின் ஒரு பகுதியில் ஐ.ஐ.டி. எழுந்தது, மான் குறுக்கிடும் சாலையில் ஓடும் பாக்கியம் வளாகத்தில் இருப்பவர்களுக்குத்தான். தென்சென்னையின் மிகச் சிறந்த ஓட்டப்பாதைகள் காவலாளி நிற்கும் வாயில்களுக்கு உள்ளே இருக்கின்றன.

மதிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கு வழி கொடுத்தது வீட்டுவசதி வாரியம். பெசன்ட் நகரின் மனைப்பிரிவு 1970களில் உருப்பெற்றபோது அவென்யூக்கள் தாராளமான அகலத்தில் விடப்பட்டன. வேளாங்கண்ணி மாதா கோயில் 1972-இலும் அஷ்டலட்சுமி கோயிலின் குடமுழுக்கு 1976-இலும் வந்தன. இரண்டுக்கும் வடக்கே எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் கார்ல் ஷ்மிட் நினைவு வளைவு நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. இன்று அந்த வளைவின் பக்கத்தில்தான் ஓட்டக் குழுக்கள் கூடிக் கைகால்களை நீட்டி மடக்குகின்றன. சற்றுத் தள்ளி அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கிறவர்கள் எவர்சில்வர் பாத்திரங்களோடு கடை பரப்புகிறார்கள். இந்தச் சாறுகளுக்கு முதலில் வாடிக்கையானவர்கள் சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்ன பெரியவர்கள். ஓடுபவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

அங்கிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டித் திருவான்மியூருக்குத் தொடர்ச்சியான சாலை இல்லை. ஓடைக்குப்பத்தில் கரை மீனவர்களுடையது. ஓடுபவர் உள்ளே திரும்பி, கலாக்ஷேத்ரா காலனி வழியாகப் போக வேண்டும். 1936-இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா 1962-இல் இந்தப் பக்கம் குடியேறியபோது இது மணல்வெளி. ஏறத்தாழ நூறு ஏக்கரில் நட்டு வளர்த்த மரங்கள்தான் இன்று அக்கம்பக்கத்துத் தெருக்களையும் குளிர வைக்கின்றன. அப்புறம் மருந்தீஸ்வரர் கோயில். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். கோயிலுக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவிலேயே வால்மீகி சந்நிதி இருக்கிறது. சாலையை அகலப்படுத்தியவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். விடியலில் மாடவீதிப் பக்கம் பூக்காரர்கள் சரத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, பால் பாக்கெட் கூடைகள் இறங்க, அவற்றுக்கு இடையே நெஞ்சில் எண் குத்திய பனியனோடு நாலு பேர் ஓடுவதை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

இந்த மாற்றம் மிகக் குறுகிய காலத்தில் நடந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2004-இல் பறக்கும் ரயில் திருவான்மியூர் வரை நீண்டது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், கையில் காசும் இடுப்பில் சதையும் சேர்ந்த ஒரு தலைமுறை திருவான்மியூரிலும் கொட்டிவாக்கத்திலும் குடியேறியது. இவர்களில் சிலர் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது ஓடிப் பழகியவர்கள். அதே 2004-இல் மும்பை மாரத்தான் தொடங்கி, ஓட்டம் என்பது தடகள வீரர்களின் தனிச்சொத்து அல்ல என்று நாட்டுக்குக் காட்டியது. சென்னை ரன்னர்ஸ் 2006-இல் உருவானது. 2012 முதல் அவர்கள் நடத்தும் சென்னை மாரத்தான் நகரின் பெரிய ஓட்டமாக வளர்ந்தது. பகுதிவாரியாகக் குழுக்கள் முளைத்தன. தனியாக இருட்டில் இறங்கத் தயங்கிய பெண்களுக்கு இந்தக் குழுக்கள்தாம் வழி திறந்தன என்பது பந்தயங்களை விடப் பெரிய விளைவு. ட்ரீம் ரன்னர்ஸ் அமைப்பு தன் அரை மாரத்தானில் திரளும் பணத்தைச் செயற்கைக் கால்களுக்குக் கொடுக்கிறது.

இங்கே இங்கிலாந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் நெடுந்தூர ஓட்டம் ஒரு பொழுதுபோக்காக உருவான நாடு அது. ஷ்ரூஸ்பரி பள்ளி மாணவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே வயல்வெளிகளில் முயலும் வேட்டைநாயுமாகப் பிரிந்து துரத்தி ஓடினார்கள். 1868-இல் தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்ற சங்கம் அதை ஒழுங்குபடுத்தியது. அந்த விளையாட்டு 1938-இல் கோலாலம்பூருக்குக் கப்பலேறி, சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களின் ஒற்றையடிப் பாதைகளில் ஹாஷ் ஓட்டமாக மாறியது. அந்த நாளைய மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஆனால் ஆங்கிலேயக் கிராமப்புறத்தில் இன்று ஓடுபவருக்கு இருக்கும் வசதி பள்ளிக்கூட விளையாட்டால் வந்ததல்ல. பீக் மாவட்டத்தில் கிண்டர் ஸ்கவுட் மேட்டை நிலவுடைமையாளர்கள் வேட்டைக்காக மூடி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி அதில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறை போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற அணுகலுக்குமான சட்டம் வந்தது. 1965-இல் பென்னைன் நெடுவழி திறந்தது. அங்கே பொதுநடைபாதை என்று பதிவான ஒற்றையடிப் பாதை ஒருவருடைய வயலின் குறுக்கே போனாலும் மூட முடியாது. உழுதால் 14 நாட்களுக்குள் உழவரே அதை மீண்டும் சரிசெய்து தர வேண்டும். ஓடுபவருக்கு அந்தப் பாதை எந்த மணிக்கும் உரியது. சென்னையில் சாலை எல்லாருடையதுதான், ஆனால் காலை ஆறரைக்கு மேல் பேருந்துக்கும் லாரிக்கும் உரியதாகிவிடுகிறது. நடைபாதை இருக்கும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி நிற்கிறது. இல்லாத இடத்தில் இரு சக்கர வண்டி நிற்கிறது.

மாநகராட்சி இதை உணராமல் இல்லை. 2014-இல் இந்தியாவிலேயே முதலாவதாக நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்குமான கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றது. அதே ஆண்டு பெசன்ட் நகரில் ஞாயிறு காலைகளில் கார்களை நிறுத்திச் சாலையை மக்களிடம் விட்டார்கள். மேயராக இருந்து, பின் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் தாமே மாரத்தான் ஓடுபவர். ‘ஓடலாம் வாங்க’ என்று நூலும் எழுதியவர். அவர் துறையில் 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைத்தடங்கள் திறக்கப்பட்டன. டோக்கியோவில் கண்ட நடைத்தடம் ஒன்று இதற்கு முன்மாதிரி. சென்னைக்கான தடம் பெசன்ட் நகரில் அமைந்ததில் வியப்பில்லை; ஏற்கெனவே நடப்பவர்கள் நிறைந்த, ஓரளவு நடைபாதையும் உள்ள பகுதி. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ முதல் தடம் அமைத்திருந்தால் திட்டத்தின் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

கரை ஓடுபவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதை நினைவூட்டுகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மெரினாவின் தென்கோடியில், நொச்சிக்குப்பத்து லூப் சாலையில் விடியலில் வலை பிரிப்பதும் மீன் வந்திறங்குவதும் ஓட்டத்தை விடப் பழைய வேலை. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், ஜனவரி தொடங்கி, நீலாங்கரையிலிருந்து திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் இரவு முழுக்க மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் நடை முடிகிற நேரமும் ஓடுபவர்கள் வந்திறங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் கரை அப்படியே நீடித்தது தானாக நடந்ததல்ல. கலங்கரை விளக்கத்திலிருந்து அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டிக் கொட்டிவாக்கம் பக்கம் வரை மேம்பாலச் சாலை போடும் யோசனை 2000களின் பிற்பகுதியில் எழுந்தது. மீனவக் குப்பங்களும் குடியிருப்போர் சங்கங்களும் சூழல் ஆர்வலர்களும் ஒருசேர எதிர்த்தார்கள். பாலம் எழவில்லை. 1967-இல் கட்டி, பத்தே ஆண்டில் ஆற்றில் விழுந்து, இன்றும் அரைகுறையாக நிற்கும் உடைந்த பாலம் முகத்துவாரத்தில் அந்த விவாதத்துக்குச் சாட்சியாக இருந்தது. எதிர்த்தவர்கள் ஓட்டப்பாதையைக் காப்பாற்றப் போராடவில்லை. மீனவர்கள் தங்கள் தொழிலுக்காக நின்றார்கள். பலன் ஓடுபவர்களுக்கும் கிடைத்தது.

இப்போது கரைக்கு உள்ளே வேறொரு மாற்றம் நடக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகப் போகிறது. சுரங்க நிலைய வேலைக்காகச் சாலையில் நீலத் தகடுகள் அடைத்திருக்க, அந்தப் பக்கத்துக் குழுக்கள் கிழக்கே பெசன்ட் நகருக்கு ஒதுங்கிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூர் முதல் அக்கரை வரை ஆறுவழியாக்கும் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கு மேல், திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டமும் 2025-இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தூண்களுக்கு இரு பக்கமும் நடைபாதைக்கு எத்தனை அடி விடுவார்கள் என்பதைப் பொறியாளர்களின் வரைபடம் முடிவு செய்யும். அந்த வரைபடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்ப்பது, பதக்கங்களை எண்ணுவதை விட ஓட்டக் குழுக்களுக்கு இப்போது அவசரமான வேலை.