பாகூர்ச் செப்பேடும் படம்பிடிக்கும் கல்வியும்



ஒரு நாள் மாலையில் பாகூர் ஏரிக்கரை வழியே நடந்து சென்றேன். பள்ளி விட்டு வந்த சிறுவர் நால்வர், மதகின் வழியே நீர் சீறிப் பாயும் காட்சியைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தனர். சற்று நேரம் நின்று பார்த்தேன். அவர்களுள் மூத்தவன் என்னை நோக்கி, “ஐயா, இதற்கென்று தனியே படிப்பு உண்டா? படித்தால் பிழைக்க முடியுமா?” என்று வினவினான். வினா சிறியதுதான். ஆயினும் அதற்கு விடை சொல்ல முற்பட்டபோது, எங்கிருந்து தொடங்குவது என்று திகைத்துப்போனேன். அன்று சொல்ல இயலாததை இன்று உங்கள் முன் சொல்ல விழைகிறேன்.

அச்சிறுவன் நின்றிருந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம். பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்நிலைக் கல்விக்கூடம், விளங்கியது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டில், அவனுக்கு அடங்கிய தலைவனாகிய நிலைதாங்கி என்பான், அக்கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்களை அறக்கொடையாக அளிக்கச் செய்தான். பாகூர்ச் செப்பேடு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. அம்மூன்று ஊர்களின் வருவாய் ஆசிரியரையும் மாணவரையும் தாங்கியது. கற்பவனுக்குச் சோறும், கற்பிப்பவனுக்குக் கவலையற்ற வாழ்வும், கற்கும் இடத்திற்கு நிலையான வருவாயும் இல்லையேல் கல்வி நிலைபெறாது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆனால் மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அக்கல்வி வடமொழியில் வல்ல ஒரு சிலர்க்கே உரியதாய் இருந்தது. அக்கல்விக்கூடத்தின் வயல்களை உழுதவர் மக்கள் அதனுள் அமர்ந்து பயின்றனர் என்று கொள்வதற்கு இடமில்லை. ஆகவே கல்வியின் வரலாற்றில் எப்போதும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. கல்வியைத் தாங்குபவர் யார் என்பது ஒன்று. அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. படம்பிடிக்கும் கலையின் வரலாற்றையும் இவ்விரு வினாக்களைக் கொண்டே நாம் ஆராய வேண்டும்.

அசையும் படம் தென்னாட்டில் பரவிய கதையில் ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் பங்குண்டு. டூபாண்ட் என்பவர் ஊர் ஊராகச் சென்று படங்காட்டி வந்தார். 1905-ஆம் ஆண்டில் அவர் நோயுற்றமையால், தம்முடைய படக்கருவியையும் படச்சுருள்களையும் விற்க நேர்ந்தது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அவற்றை விலைக்கு வாங்கினார், வேலையைத் துறந்தார், கூடாரம் அமைத்து ஊர்தோறும் படங்காட்டத் தொடங்கினார். அவருக்கு அத்தொழிலைக் கற்பிக்கப் பள்ளி எதுவும் இல்லை. கருவியே ஆசான், பழக்கமே பாடம்.

படங்காட்டுவதற்கே இந்நிலை என்றால், படம் எடுப்பதற்குச் சொல்ல வேண்டுவதில்லை. தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார், மோட்டார் வாகன வாணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். ஒளிப்பதிவைக் கற்க விரும்பிய அவர் பூனா நகருக்குச் சென்று, ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரை அடுத்துப் பயின்றார். அதன் பின்னரே சென்னையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். கையில் பொருளும், நெடுந்தொலைவு செல்லும் துணிவும், ஆங்கிலேயர் ஒருவரின் நல்லெண்ணமும் வாய்த்தவர்க்கே அக்கலை கிட்டிற்று. வில்லியனூர் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அது கனவிலும் எட்டாததாய் இருந்தது.

பிறகு காலம் மாறியது. 1945-இல் சென்னையில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் முறையாகக் கற்பிக்கும் பயிற்சி அரசுத் தொழிற்பயிலகத்தில் தொடங்கியது. அதுவே வளர்ந்து, பிற்காலத்தில் அரசுத் திரைப்படக் கல்லூரியாயிற்று. 1960-இல் பூனாவில், புகழ்பெற்ற பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில், நடுவண் அரசு திரைப்படக் கல்வி நிலையத்தை நிறுவியது. குருவின் வீட்டுத் திண்ணையிலிருந்த வித்தை வகுப்பறைக்கு வந்தது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் இடங்கள் சில; விரும்பினோர் பலர். பெருநகரத்துக் கதவு திறந்தது. சிற்றூர்க் கதவு மூடியே கிடந்தது.

சிற்றூர்க் கதவைத் திறந்தது ஒரு புதிய கருவி. திரைப்படச் சுருளில் ஒளி பதிந்த பின், அதனை இருட்டறையில் மருந்து நீரில் கழுவித்தான் உருவத்தைக் காண இயலும். விடியோவோ ஒளியை மின்குறிகளாக மாற்றிக் காந்த நாடாவில் பதிந்தது. எடுத்ததை அப்போதே திருப்பிக் காணலாம். பிழை செய்தவன் உடனே பிழையைக் காண்கிறான், மீண்டும் முயல்கிறான். கற்பவனுக்கு இதனினும் பெரிய துணை வேறென்ன வேண்டும்? 1956-இல் அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் விடியோப் பதிவுக் கருவி பெரிய மேசையளவு இருந்தது. 1967 அளவில் தோளில் மாட்டிச் செல்லத்தக்க சிறு கருவிகள் வந்தன. பெருமுதல் கொண்டோர்க்கு மட்டுமே உரியதாய் இருந்த கலை, எளியவர் தோளுக்கு இறங்கிவரலாயிற்று.

நம் நாடும் இதனை உணர்ந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சார்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி அனுப்பப்பட்டது. அவ்வாறனுள் தமிழகமும் இல்லை, புதுச்சேரியும் இல்லை. மேலும் அம்முயற்சியில் சிற்றூர் மக்கள் பெரும்பாலும் பார்ப்பவராகவே இருந்தனர். அவர்களே படம் எடுப்பவராதல் கூடுமோ என்னும் ஐயத்தை 1984-இல் அகமதாபாத் நகரத்துப் பெண்கள் தீர்த்து வைத்தனர். அங்கே சேவா என்னும் உழைக்கும் மகளிர் சங்கத்தில், காய்கறி விற்போர் முதலிய பெண்கள் இருபதின்மர், மார்த்தா ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணியிடம் விடியோப் பயிற்சி பெற்றனர். அவர்களுள் எழுதப் படிக்க அறியாதோரும் இருந்தனர். எழுத்தறியாமை தடையாகவில்லை. தங்கள் தொழிலின் துன்பங்களைத் தாங்களே படமாக்கி, பிற பெண்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டினர்.

நம் ஊர்களிலோ வேறொரு பள்ளிக்கூடம் தானாகவே தோன்றியது. அதுதான் கலியாண வீடு! விடியோ நாடாப் பேழை பரவிய 1980-களிலிருந்து, திருமண வீட்டில் விளக்குப் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தவன், மின்கம்பி சுருட்டி, காமிராவைத் துடைத்து, சில ஆண்டுகளில் தானே படம் எடுப்பவனாக உயர்ந்தான். இவ்வாறு முன்னுக்கு வந்தோரை நான் அறிவேன். அவர்தம் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். எனினும் அப்பள்ளியில் ஒரு குறை உண்டு. எப்படி எடுப்பது என்பதை அது கற்பித்தது. எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்பதைக் கற்பிக்க அதற்கு நேரம் இல்லை.

அக்குறையை நீக்கும் பொறுப்பு பள்ளிக்கூடத்தைச் சார்ந்தது. பள்ளியில் தொழிற்கல்வி வேண்டும் என்னும் கருத்து பழமையானது. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக் குழு அதனை வற்புறுத்தியது. தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் தோன்றியது. நெடுங்காலம் தமிழகப் பாடத்திட்டத்தையே பின்பற்றிய புதுச்சேரிப் பள்ளிகளுக்கும் அந்நெறி பழக்கமானதே. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நடுவண் வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறலாயின. அவ்வாரியத்தின் திறன் பாடங்களுள் மக்கள் ஊடகமும் பல்லூடகமும் இடம்பெற்றுள்ளன. ஏரிக்கரைச் சிறுவனின் முதல் வினாவிற்கு விடை இதுவே: படிப்பு உண்டு.

ஆனால் இங்கே ஓர் இடர் காத்திருக்கிறது. ‘நன்றாகப் படிக்காதவன் தொழிற்பிரிவுக்குப் போகட்டும்’ என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. பாகூரில் பழைய வித்யாஸ்தானத்தின் வாயில் சிலருக்கு அடைத்திருந்தது. இன்று வாயிலைத் திறந்துவிட்டு, உள்ளே இரண்டாந்தர இருக்கை இடுவோமாயின், அதுவும் ஒருவகை அடைப்பே அல்லவா?

கருவியைக் கையாளும் கல்வி எத்தகைய உயர்ந்த கல்வி என்பதற்கு, வில்லியனூரே சான்று பகர்கிறது. 1998-ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, சுற்றுவட்டச் சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்கள் அவ்வலையில் இணைந்தன. புதுச்சேரியின் விடுதலை வரலாற்றில் கீழூரின் பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். 1954 அக்டோபர் 18-இல் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவுடன் இணைவதா என்று வாக்களித்த இடம் அது. 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். தங்கள் எதிர்காலத்தைக் குறித்துப் பேசும் உரிமை அன்று பிரதிநிதிகள் வழியே வெளிப்பட்டது. அறிவு மையங்களிலோ ஊராரே, அவர்களுள்ளும் சிறப்பாகப் பெண்கள், கணினியையும் கம்பியில்லாக் கருவியையும் இயக்கக் கற்றனர். வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டு ஊர்களில் விளைபொருள் விலையும் அரசுத் திட்டங்களும் தெரிவிக்கப்பட்டன. மையம் எல்லாச் சாதியார்க்கும் பொதுவாய் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்தது. நல்லவாடு மீனவச் சிற்றூரைச் சார்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்தார். நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றிய செய்தியைக் கேட்டவுடன், ஊரிலிருந்த தம் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். செய்தி ஒரு வீட்டிற்கு வந்தது. ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்வது? அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அதனை இயக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. எச்சரிக்கை முழங்கியது; மக்கள் மேட்டை நாடி ஓடினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊரார் உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சியில் விடியோ இல்லை என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் காமிராவோ ஒலிபெருக்கியோ, கருவி எதுவாயினும் கல்வியின் உட்பொருள் ஒன்றே. செய்தியின் மெய்ம்மையை உணர்தல், அது யாருக்கு வேண்டும் என்று அறிதல், அவர்க்கு விளங்கும் வண்ணம் காலத்தில் சேர்த்தல் என்னும் மூன்றுமே அது. விசையை அழுத்தும் பயிற்சியை ஒரு வாரத்தில் பெறலாம். இம்மூன்றையும் பெறவோ பள்ளியின் ஆண்டுகள் வேண்டும்.

பாகூர் ஏரி மதகைப் படமாக்க எண்ணும் மாணவனைக் கருதிப் பாருங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. 50 சுழற்சி கொண்ட நம் மின்சாரத்தோடு அது பொருந்திவருவது. இதனைக் கற்கும்போது அவன் பௌதிகம் கற்கிறான். காலை வெயில் நீரில் பட்டுத் தெறித்தால் எங்கே நிற்பது என்று தேரும்போது ஒளியியல் கற்கிறான். மதகை வெட்டியது யார், நீர் எந்த வயலுக்கு முதலில் பாய்கிறது, கடைமடைக்காரர் குறை யாது என்று வினவும்போது வரலாறும் பொருளியலும் கற்கிறான். ஒரு மணி நேரம் எடுத்ததை ஐந்து நிமிடமாகத் தொகுக்கும்போது, சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் என்னும் நம் பழைய இலக்கணத்தைக் கற்கிறான். கடைமடைக்காரர் கூறியதை வெட்டி ஒட்டித் திரிக்காதிருக்கும்போது, அவன் அறம் கற்கிறான்.

இனி அச்சிறுவனின் இரண்டாம் வினா: படித்தால் பிழைக்க முடியுமா? நான் பொய்யுறுதி கூறமாட்டேன். இத்துறையில் போட்டி மிகுதி. வருவாய் ஏறும், இறங்கும். கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் படம் எடுக்கும் காலம் இது. ஆதலின் வெறும் கைத்திறனை மட்டும் நம்பியவனுக்கு வாழ்வு கடினம். பொருளறிந்து படம் எடுப்பவனுக்கோ பள்ளி, மருத்துவமனை, வேளாண்மைத் துறை, செய்தி நிறுவனம் எனத் தேவைகள் பலவாகும். அவன் வேறு தொழிலுக்குச் சென்றாலும், கண்டதை ஆராய்ந்து சொல்லும் பழக்கம் அவனை விட்டு நீங்காது.

அன்று மூன்று ஊர்கள் சேர்ந்து ஒரு கல்விக்கூடத்தைத் தாங்கின. இன்று ஒரு பள்ளிக்கு நல்ல காமிரா ஒன்றும், ஒலிவாங்கி ஒன்றும், தொகுப்பதற்குக் கணினி ஒன்றும், அவற்றினும் மேலாக நன்கு கற்ற ஆசிரியர் ஒருவரும் வேண்டும். இதனைத் தாங்குவது ஊருக்கும் அரசுக்கும் இயலாத காரியமன்று. வாயில் மட்டும் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருக்கட்டும்.

அந்நால்வரும் எடுத்த படத்தைப் பின்னர் எனக்குக் காட்டினர். காட்சி சற்றே ஆடியது. காற்றின் இரைச்சலில் பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. ஆயினும் ஏரியை ஆண்டுதோறும் கண்டுவரும் ஒரு முதிய உழவரை அவர்கள் நீர்வரத்தைப் பற்றிக் கேட்டிருந்தனர். அவர் பேசி முடிக்கும்வரை காமிராவை நிறுத்தவில்லை. முதற்பாடத்தை அவர்கள் தாமாகவே கற்றுவிட்டனர் என்று எனக்குத் தோன்றியது. எஞ்சியவற்றைக் கற்பித்தல் நம் கடமை.