போரில் மாண்ட ஹெலிகாப்டர் வீரர்கள்: நினைவுகூரும் மரபு

கார்கில் போரின்போது, 1999 மே 28 அன்று, தோலோலிங் முகட்டிலிருந்த எதிரி நிலைகளைத் தாக்கிவிட்டு விலகிய இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்றை, தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணை வீழ்த்தியது. உத்தரப் பிரதேசத்தின் சர்சாவா தளத்தைச் சேர்ந்த 152ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் ஸ்குவாட்ரன் லீடர் ஆர். புண்டீர், ஃப்ளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாகு ஆகிய நால்வரும் மாண்டனர். வீரத்துக்கான வாயு சேனா பதக்கம் நால்வருக்கும் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. ஆனால் கார்கில் என்றதும் பொதுநினைவில் எழுபவர்கள் இவர்களல்லர். முந்தைய நாள் மிக் போர் விமானங்களை இழந்த அஜய் அகுஜாவும் நச்சிகேதாவுமே.

இந்த மறதி வீரத்தின் ஏற்றத்தாழ்வால் வந்ததன்று. ஹெலிகாப்டரை நாம் உதவிக்கு வரும் ஊர்தியாகவே அறிந்திருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் உணவுப் பொட்டலம் போட்டதைத்தான் முக்கூடல் முதல் கடலோரம் வரை தாமிரபரணிக் கரை மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கார்கிலிலும் காயம்பட்டோரை இறக்குவதற்கும் சரக்கு ஏற்றுவதற்குமாக ஹெலிகாப்டர்கள் 2,000 முறைக்கு மேல் பறந்தன. தாக்குதலுக்குப் போய் மாண்டவர்கள் அந்தப் பெரிய கணக்குக்குள் மறைந்துபோனார்கள். போதாக்குறைக்கு, 'விமானி' என்ற ஒருமை, உடன்பறந்த சார்ஜென்ட்களை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறது. வியட்நாம் போரில் இறந்த ஹெலிகாப்டர் வீரர்களுக்காக 2018இல் ஆர்லிங்டனில் எழுந்த நினைவுக்கல் விமானிகளையும் உடன்பறந்தோரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அதுவே சரியான வழி.

2019 பிப்ரவரியில் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் 25,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில் தாங்கியது. அதே ஆண்டு மே மாதம் சர்சாவாவில், இறந்தவர்க்குரிய இடத்தைக் காலியாக விட்டு ஹெலிகாப்டர்கள் அணிவகுத்துப் பறந்தன. இரண்டும் சிறப்பே. ஆனால் எப்படி இறந்தார், ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. தமிழ் மரபு இந்த இடத்தில் வேறு விதமாக நடந்துகொண்டது. செங்கம் பகுதி நடுகற்கள் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரின் ஆநிரையைக் காக்க வீரன் விழுந்தான் என்று எழுதிவைத்தன. முக்கூடலுக்கு மேற்கே, பாபநாசம் மலைக்குள் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வழிபடப்படும் முத்துப்பட்டன், மாடு மீட்கப் போய் இறந்தவன். வில்லுப்பாட்டில் அவன் கதை, எதிரிகளை வென்றபின் ஒளிந்திருந்த ஒருவனால் குத்துண்டதையும் விடாமல் சொல்கிறது. சாவின் விவரம் வந்ததால் அவன் தெய்வத்தன்மை குறையவில்லை.

ஆகவே தோலோலிங் நால்வரைப் பற்றிய எந்தக் குறிப்பும், வீழ்ந்த ஹெலிகாப்டரில் ஏவுகணையைத் திசைதிருப்பும் தீச்சுடர்க் கருவி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அஞ்சலி செலுத்தும் இடத்தில் குறை தேடலாமா, அது தியாகத்தைச் சிறுமைப்படுத்தாதா, படையினரின் மனத்தைத் தளர்த்தாதா என்று கேட்கப்படலாம். கருவியில்லாமல் அந்த உயரத்துக்குத் தாக்கப் போனது துணிவைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை. விவரத்தை மறைத்தால்தான் அது வெறும் விபத்துபோல் தோன்றும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: நாட்டார் கதை கூட்டியும் குறைத்தும் பாடப்படுவது, அதைப் படைவரலாற்றுக்கு அளவுகோலாக்க முடியாது. உண்மைதான். முத்துப்பட்டன் கதைக்கே பல வடிவங்கள் உண்டு. ஆனால் இங்கே கடன் வாங்குவது பாட்டின் புனைவை அன்று, காரணத்தைச் சொல்லும் கடமையை. அந்தக் கடமைக்குத் தேவையான சான்று இந்த நிகழ்வில் போதுமான அளவு இருக்கிறது. மே 28க்குப் பின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் தாக்குதல் பணியிலிருந்து விலக்கப்பட்டன; தாக்கும் வேலை போர் விமானங்களிடம் போனது. அடுத்து அந்தப் பணிக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய ஹெலிகாப்டர் குழுக்கள் அனுப்பப்படவில்லை என்பதும் அந்த நால்வரின் வரலாற்றில் சேர வேண்டிய செய்தி.