மதுரை வீதிகளும் மாடங்களும்

மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் உள்ள பழைய மனைகளை விற்றுவிட்டுப் புறநகரில் அடுக்குமாடி இல்லம் வாங்குதல் நன்றோ என்று நம் சங்கத்து அன்பர் பலர் வினவி வருகின்றனர். குடும்பந்தோறும் நிகழும் பேச்சு இஃதாதலின், தனித்தனியே விடை கூறுவதினும், இவ்வீதிகள் வளர்ந்த வரலாற்றை ஒருங்கே எடுத்துரைத்தல் பயன்தருமெனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

மதுரை தொன்றுதொட்டே கடைவீதியாற் பெயர்பெற்ற நகரம். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனார், மதுரைக்காஞ்சியில் பகற்கடையாகிய நாளங்காடியையும் மாலைக்கடையாகிய அல்லங்காடியையும் விரித்துரைத்தார். இளங்கோவடிகள் ஊர்காண் காதையிற் கோவலனை மணிக்கடை, பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை ஆகியவற்றின் வழியே நடத்திச் சென்றார். பொருளால் வீதியறியும் அம்மரபு இன்னும் மாய்ந்திலது. வெங்கலக்கடைத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, நெல்பேட்டை என்னும் பெயர்களே அதற்குச் சான்று. நகை வேண்டுவார் தெற்காவணி மூல வீதிக்கும், துணி வேண்டுவார் விளக்குத்தூண் பக்கத்திற்கும் இன்றும் செல்கின்றனர்.

நகரின் அமைப்பு யாவரும் அறிந்ததே. திருக்கோயிலினுள் ஆடி வீதியும், அதன் புறத்தே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்னும் வீதிகளும் ஒன்றையொன்று சூழ்ந்துள்ளன. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் இவற்றையெல்லாம் உள்ளடக்கி, 72 கொத்தளங்களொடு கூடிய கோட்டையை எடுப்பித்தார் என்பர். பகைவர்க்கு அரணாயிருந்த அம்மதில், போர் ஓய்ந்து குடி பெருகியபின் ஊருக்கே தளையாயிற்று. உள்ளே நெருக்கமும், அகழியில் தேங்கிய நீரால் நோயும் மிகுந்தன.

அப்பொழுது கலெக்டராயிருந்த ஜான் பிளாக்பர்ன் மதிலை அகற்றத் துணிந்தார். அவர் கையாண்ட உபாயம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலத்தையே மனையாக அளிப்பதென விளம்பினார். 1837ஆம் ஆண்டளவில் தொடங்கிய அம்முயற்சி 1840களில் நிறைவெய்தியது. மதில் நின்ற இடத்தை ஒட்டி வெளி வீதிகள் தோன்றின. அப்பணியிற் பாடுபட்ட மாரெட், பெருமாள் மேஸ்திரி என்போர் பெயரால் இரு வீதிகள் இன்றும் வழங்குகின்றன. கோட்டைக்கு அடையாளமாகக் கீழவாசல், மேலவாசல் என்னும் பெயர்கள் எஞ்சின. நகரமாந்தர் பிளாக்பர்னுக்கு நிறுத்திய நினைவுச்சின்னமே விளக்குத்தூண். 1875ஆம் ஆண்டு புகைவண்டி மதுரையை எட்டவே, வெளி வீதிகள் புதிய வாணிகத்திற்கு வாயிலாயின.

இவ்வாறு வளர்ந்த வீதிகளில் எழுந்த வீடு ஒருவகைப்பட்டது. முகப்பிற் கடை, பின்னே சரக்கறை, மேலே குடியிருப்பு. முகப்பு ஒடுங்கியது, ஆழம் நெடியது. ஆகவே ஒரு வீதியிற் பல குடும்பங்கள் முகப்புப் பெற்றன. சிறு முதலுடையார்க்கும் வாடகைக்கு இடம் வாய்த்தது. திருவிழாக் காண வந்த நாட்டுப்புறத்து மக்கள் தேரைக் கண்டு, கையோடு கலமும் சேலையும் வாங்கிச் சென்றனர். அலங்காநல்லூர், மேலூர், திருமங்கலம் முதலிய பக்கத்துச் சமவெளியின் விளைவும் இந்நகரின் சரக்கும் இக்கடைகளிற்றாம் கைமாறின.

இனி இக்கால நிலையை நோக்குவோம். திருக்கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லையுள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பலாகாதென 1997ஆம் ஆண்டு அரசு ஆணையிட்டது. கோபுரங்களின் தோற்றம் மறையாதிருத்தலே அதன் நோக்கம். இவ்வாணையால் விண்முட்டும் மாடங்கள் புறநகருக்குச் சென்றன. 2016ஆம் ஆண்டு மதுரை சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம்பெற்றபின், பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பெற்று 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்டது, வீதிகளும் செப்பனிடப்பட்டன. நகரின் நடுவிடம் மீண்டும் மதிப்பேறுகின்றது. அதனோடு, அடுத்தடுத்த பல மனைகளை ஒருங்கே விலைபேசும் தரகரும் பெருகியுள்ளனர்.

மனைக்குரியோர் இடரையும் மறைத்தல் நேர்மையன்று. நான்கு தலைமுறையில் வாரிசுகள் நாற்பதின்மராயினும் வீடு ஒன்றே. முதியோர் படியேற மாட்டார். வாகனம் நிறுத்த இடமில்லை. உயர விதியைச் சிறியோர் அஞ்சிக் காக்க, வலியோர் மீறிக் கட்டுகின்றனர் என்னும் முறையீடும் உண்டு. மீறல்கள் பற்றிய வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றுள்ளன. விதி யாவர்க்கும் ஒத்திருந்தாலன்றி நீதியாகாது. அது கருதிக் குரல் கொடுத்தலும் நம் சங்கத்தின் கடனே.

உயரத்தை வரையறுத்தல் நம் ஊரார் மட்டும் சுமக்கும் பாரமன்று. 1973ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் 210 மீட்டர் உயரமுள்ள மோன்பர்னாஸ் கோபுரம் திறக்கப்பட்டபோது நகரத்தார் முகஞ்சுளித்தனர். 1977ஆம் ஆண்டில் ஆங்கு உயர வரம்பு கடுமையாக்கப்பட்டது. எனினும் அந்நகரின் செல்வம் குன்றவில்லை. கீழே கடையும் மேலே குடியுமான வீதிகளே அதன் புகழ்.

உயரத்தினும் நாம் கவலுதற்குரியது தரைமட்டமே. பத்து மனைகளை ஒன்றாக்கி வேலியும் வாயிற்காவலும் வாகனக் கூடமும் அமைப்பின், பத்துக் கடைமுகப்பு இருந்த இடத்தில் ஒரு நெடுஞ்சுவர் நிற்கும். நம் முன்னோர் கூடையிற் சுமந்து அகற்றிய கோட்டை மதிலை நாமே விலைக்கு விற்று மீள எடுப்பித்தவராவோம். கடை பெயர்ந்தால் வாணிகம் எளிதில் உடன்பெயராதென்பதும் அறிந்ததே. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியபின் கோயிற்கடைகள் அகற்றப்பட்டன. பின்னர்ப் புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாறின. கலைச்செல்வம் காத்தற்கு அது வேண்டுவதே. ஆயினும் கூப்பிடுதூரத்திற்குள் மாறிய கடையும் வழிப்போக்கரைப் புதிதாக ஈட்டவேண்டியதாயிற்று.

ஆதலின் நம்மவர்க்கு நாம் கூறுவன இவை. புறநகரில் அடுக்குமாடி வாங்குதல் தவறன்று. முதியோர்க்கு மின்தூக்கியும் சிறார்க்குக் காற்றும் நன்மையே. ஆனால் ஆங்கு நிலத்திற் கிடைப்பது பலரோடு பொதுவான பிரிபடாத பங்கு. வீதியில் உள்ளதோ தனிநிலமும் முகப்பும். ஒன்றை வாங்க மற்றொன்றை இழத்தற்குமுன் இவ்வேற்றுமையை எண்ணுக. பாகம் பிரிக்குங்கால் முகப்பைத் துண்டாடாது, கடை வாடகையைப் பங்கிட்டுக் கொள்க. மேன்மாடியைப் பூட்டிவைக்காது, விதிக்குட்பட்டுப் புதுக்கிக் குடிவைக்க. விற்றேயாக வேண்டின், கடை நடத்துவார்க்கு விற்க முதலில் முயல்க.

மதிலை இடித்தவர்க்கு மனை கிடைத்தது. மனையைக் காத்தவர்க்கு வாணிகம் நிலைத்தது. கோபுரம் வானத்தை நோக்கி நிற்க, கடை வீதியை நோக்கித் திறந்திருப்பதாக. மதுரை வாழ்க; நம்மவர் தொழில் தழைக்க.