பாப்பான் நகரத்துத் தாதி



ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை நாம் மாணவர்களுக்குத் தேதிகளாகவே கற்பித்து முடித்துவிடுகிறோம். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளையும் மலாயா மக்கள் அச்சத்தோடு கழித்தனர். பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமலே போயினர். அண்டை வீட்டாரை நம்பவும் மனிதர் தயங்கிய அந்நாளில், ஒரு பெண்மணி தம் இறைநம்பிக்கையைப் பற்றிக்கொண்டு நின்ற வரலாற்றை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் சிபில் கார்த்திகேசு.

1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் யுரேசியக் குடும்பத்தில் பிறந்த சிபில், பக்தி மிகுந்த கத்தோலிக்கர்; தாதிப் பயிற்சியும் மகப்பேற்று மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். 1919இல் கோலாலம்பூர் புனித யோவான் தேவாலயத்தில் மருத்துவர் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசுவை மணந்தார். தைப்பிங்கைச் சேர்ந்த தமிழரான அம்மருத்துவரின் இயற்பெயர் ஆறுமுகம். 1926 முதல் இருவரும் ஈப்போவில், புருஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தி வந்தனர். சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன மக்களும் அவரை நாடி வந்தனர்.

போர் மூண்டதும் குடும்பம் ஈப்போவுக்கு அருகில் உள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்க நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 74ஆம் எண் வீட்டில் சிபில் நோயாளிகளைக் கவனித்தார். விரைவில் இரவு நேரங்களில் வேறு சிலரும் வரத் தொடங்கினர். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கெரில்லா வீரர்கள் அவர்கள். அவர்களுடைய காயங்களுக்கு மருந்திட்டு, உடலில் பாய்ந்திருந்த குண்டுகளையும் அகற்றினார்.

அவ்வீரர்களுள் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். கடவுள் மறுப்பாளர்களுக்குச் செபமாலை ஏந்தும் பெண் ஏன் உதவ வேண்டும் என்று கேட்கலாம். கதவைத் தட்டுபவன் காயம்பட்டவன் என்றால் அதற்கு மேல் அவனிடம் கேட்பதற்கு எதுவுமில்லை என்பதே அவருடைய விசுவாசம் கற்பித்த பாடமாக இருந்திருக்க வேண்டும். நல்ல சமாரியன் உவமையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

வீட்டில் மறைத்து வைத்த வானொலியில் அவர் பிபிசி செய்திகளையும் கேட்டு வந்தார். அவ்வானொலிக்கு அவர்கள் இட்ட செல்லப்பெயர் 'ஜோசபின்'. கண்டுபிடிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆயினும் போர் ஒரு நாள் முடியும் என்ற நம்பிக்கையை அச்செய்திகளே ஊருக்குள் உயிரோடு வைத்திருந்தன.

1943இல் கணவரும் மனைவியும் கைது செய்யப்பட்டனர். கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவக் காவல் படையினர் சிபிலைக் கொடூரமாகச் சித்திரவதை செய்தனர். கெரில்லா வீரர்களின் பெயர்களும் உதவியவர்களின் பெயர்களுமே அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஒரு பெயரைச் சொல்வது ஒரு குடும்பத்தையே அழிப்பதற்குச் சமம் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் பேசவில்லை.

இறுதியில் அவருடைய இளைய மகள் டோனைக் கொண்டு வந்தனர். அவள் அப்போது சிறுமிதான். தாயின் கண்ணெதிரே அவளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினர். அப்போதும் சிபில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நல்வாய்ப்பாகக் குழந்தை உயிரோடு விடுவிக்கப்பட்டாள்.

இவ்விடத்தை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் மனம் தயங்குகிறது. பெற்ற மகளைப் பணயம் வைக்க ஒரு தாய்க்கு உரிமை உண்டா? இதற்கு எளிய விடை இல்லை. அவர் காத்த பெயர்களுக்குப் பின்னாலும் பிள்ளைகள் இருந்தனர் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிகிறது. அத்தகைய தருணத்தில் மனிதர் தம் பலத்தால் மட்டும் நிற்க இயலாது. தாம் செபத்தையே பற்றிக்கொண்டதை அவர் தம் நூலில் எழுதியுள்ளார்.

அந்தச் செபம் அவருடைய வலியை நீக்கவில்லை. பத்து காஜா சிறையிலிருந்து 1945இல் விடுதலையானபோது அவரால் எழுந்து நடக்கவும் முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அங்கிருந்தபடியே தம் நினைவுகளை எழுதினார். வீரத்திற்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. சிறையில் காவலர் ஒருவரின் காலணி உதையால் தாடையில் ஏற்பட்டிருந்த காயம் இரத்தத்தில் நச்சாகப் பரவ, 1948 ஜூன் 12ஆம் நாள் தம் 48ஆம் வயதில் மறைந்தார். முதலில் ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல், 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நூல் 1954இல் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற தலைப்பில் வெளிவந்தது. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

துணிவு என்றால் அச்சமின்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். சிபில் அஞ்சியிருப்பார், தாய் அஞ்சாமல் இருக்க முடியாது. ஆனால் அவருடைய துணிவு சித்திரவதை அறையில் திடீரென முளைத்ததன்று. ஒவ்வோர் இரவும் கதவைத் திறந்து, முகமறியாதவனின் புண்ணைக் கழுவி, செபம் சொல்லி உறங்கிய நாள்களில் அது சிறுகச் சிறுக வளர்ந்தது. சோதனை வந்தபோது அவர் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

நாம் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், நம் பிள்ளைகளும் ஒரு நாள் அஞ்சத்தக்க காலத்தைச் சந்திக்கக்கூடும். அன்று அவர்களைத் தாங்கப்போவது இன்று வீட்டிலும் வகுப்பிலும் அவர்கள் பழகும் சிறு இரக்கங்களும், மனமார்ந்த வழிபாடுமே. அடுத்த முறை ஈப்போவுக்குப் பிள்ளைகளோடு சென்றால், அக்கல்லறையின் முன் சற்று நின்று இக்கதையைச் சொல்லுங்கள்.