கட்டிப்போட்டு எரித்தவர்கள்

நிலவுப் பந்தயத்தில் சோவியத் ஒன்றியம் ஏன் தோற்றது என்று கேட்டால், பணத் தட்டுப்பாடு, வடிவமைப்பாளர்களின் உட்பூசல், 1966 ஜனவரியில் தலைமை வடிவமைப்பாளர் கொரொல்யோவின் மரணம் என்று அடுக்குவார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் சோவியத் நிலவு ராக்கெட்டான என்-1 நான்கு முறை கிளம்பி, நான்கு முறையும் முதல் கட்டம் எரிந்து முடிவதற்குள் அழிந்ததற்கு இவை மட்டும் போதாது. 30 எஞ்சின்கள் கொண்ட அந்த முதல் கட்டத்தை முழுசாகத் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கும் மேடையை அவர்கள் கட்டவே இல்லை. செலவும் காலமும் மிச்சம் என்று எண்ணினார்கள். எஞ்சின்களிலும் ஒவ்வொரு தொகுதியில் சிலவற்றை மட்டும் எரித்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றை அப்படியே மாட்டினார்கள். வால்வுகள் ஒரே முறைதான் இயங்கும் என்பதால், சோதித்த எஞ்சின் பறக்க உதவாது. 1969 பிப்ரவரியில் அதிர்வில் குழாய் உடைந்து தீப்பிடித்தது. ஜூலை 3-ல் ராக்கெட் ஏவுதளத்தின் மீதே விழுந்து அதையும் அழித்தது.

அமெரிக்கர்களிடம் மட்டும் குறையில்லாத எஞ்சின் இருந்ததா? இல்லை. 1962 ஜூனில், சாட்டர்ன்-5 நிலவு ராக்கெட்டின் முதல் கட்டத்துக்கான எஃப்-1 எஞ்சின் ஒன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனை மேடையிலேயே நாசமானது. எரியறைக்குள் அழுத்தம் தறிகெட்டு அலைபாய்ந்ததுதான் காரணம். உடனே அவர்கள், எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சிறு குண்டை வேண்டுமென்றே வெடித்து, கிளம்பும் அலை தானாக அடங்குகிறதா என்று அளக்கத் தொடங்கினார்கள். எரிபொருளைத் தெளிக்கும் தட்டின் தடுப்புகளையும் துளைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், கடைசியில் அலை பத்தில் ஒரு விநாடிக்குள் அடங்கியது. பிறகு 13 சாட்டர்ன்-5 பயணங்களில் பறந்த 65 எஃப்-1 எஞ்சின்களில் ஒன்றுகூடக் கைவிடவில்லை.

தரைச் சோதனை விண்வெளிக்கு ஈடாகுமா என்ற கேள்வியும் நியாயமானதே. 1968 ஏப்ரலில் ஆளில்லாமல் பறந்த அப்போலோ 6-ல், தரையில் தேறிய, சாட்டர்ன்-5-ன் மேல்கட்ட ஜே-2 எஞ்சின் நடுவழியில் நின்றது. பற்றவைப்பானுக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும் மெல்லிய குழாய், அதன் மடிப்புப் பகுதியில் முறிந்திருந்தது. தரையில் அந்தக் கடுங்குளிர்க் குழாயின்மேல் காற்று உறைந்து படிந்து அதிர்வை அடக்கியிருந்தது. வெற்றிடத்தில் அந்தக் காப்பு இல்லை. ஆனால் இதைக் கண்டுபிடித்ததும் தரையில், வெற்றிட அறைக்குள்தான். ஆகவே வானத்தின் நிலைமையைத் தரைக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் பாடம். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கான சிஇ-20 எஞ்சினை நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் வெற்றிடச் சூழலில் பற்றவைத்துப் பார்த்தது அந்த வழியில்தான். அங்கே மனிதரை ஏற்றும் தகுதிக்கு 6,350 விநாடிகள் போதும் என்றிருந்தும், நான்கு எஞ்சின்களை மொத்தம் 8,810 விநாடிகள் எரித்தார்கள். அந்தக் கூடுதல் 2,460 விநாடிகளை வீண்செலவு என்று எழுதுபவர், நான்கு என்-1 ராக்கெட்டுகளையும் அதே கணக்கில் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

(தொடரும்)