உயிரணுவின் செவியும் வாயும்

நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு எப்பொழுது பிளந்து பெருகவேண்டும், எப்பொழுது வாளாவிருக்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் செய்திகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆனால், வளர்ச்சிச் செய்தியைக் கொணரும் புரதங்கள் உயிரணுவைப் போர்த்தியுள்ள கொழுப்புச் சவ்வை ஊடுருவ இயலாதவை. அவ்வாறாயின், வாயிலில் நிற்கும் தூதன் கூறுவது உள்ளிருப்போருக்கு எட்டுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

1950-களில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில், ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையாரும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக்குரிய புரதம் ஒன்றை ஆராய்ந்து வந்தனர். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரத்தில் திறக்கவேண்டிய கண்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. இது நரம்புப் புரதத்தின் செயலன்று. சாற்றிலுள்ள வேறு ஏதோ கலப்பு என்று ஒதுக்கிவிடத்தக்க அவ்விந்தையைக் கோஹன் ஒதுக்கவில்லை. 1962-இல் அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்தார். தோலின் மேற்படலத்தை வளர்க்கும் அப்புரதம் 53 அமினோ அமிலங்களாலாகிய சிறு சங்கிலி. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிட்டிற்று.

தூதன் கிடைத்தான், அவன் சொல்லை ஏற்கும் ஏற்பி எங்கே? 1975-இல் கோஹனும் கிரஹாம் கார்ப்பென்டரும், கதிரியக்க அயோடின் சேர்த்த அப்புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் பற்றிக்கொள்வதைக் காட்டினர். 1980-இல் கோஹனின் ஆய்வுக்கூடத்தில் மற்றோர் உண்மை புலப்பட்டது. தூதுப் புரதம் பற்றியதும், டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. இவ்வேலையைச் செய்யும் நொதிக்கு டைரோசின் கைனேஸ் என்று பெயர். ஏற்பியும் நொதியும் வெவ்வேறல்ல, ஒரே புரதத்தின் இரு பகுதிகளே. வெளியே கேட்கும் செவி; சவ்வை ஒருமுறை ஊடுருவும் இழை; உள்ளே ஆணையிடும் வாய்.

இவ்வமைப்பு பழுதுற்றால் நேர்வது என்ன? 1984-இல் லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டு குழுவினர், கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்றின் புரதத்தோடு இவ்வேற்பியை ஒப்பிட்டனர். இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. ஆனால் வைரஸின் புரதத்தில் வெளிப்பகுதியின் பெரும்பாலும் இல்லை. செவி அறுபட்ட பின்னும் வாய் ஓயவில்லை. தூதன் வராமலே 'பெருகுக, பெருகுக' என்ற ஆணை பிறந்துகொண்டே இருந்தது. புற்றுநோய் என்பது முற்றிலும் அந்நியமான ஒரு சக்தியன்று, நம் உடலின் நல்லாணையே கட்டவிழ்ந்து போவதாகவும் இருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

செவி கேட்கும் விதம் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் படிகங்களின்வழி எக்ஸ்-கதிர்கொண்டு கண்டறியப்பட்டது. வெளிப்பகுதியில் நான்கு பிரிவுகள் உள்ளன. தூதன் வராதபோது, இரண்டாம் பிரிவிலிருந்து நீளும் ஒரு கரம் நான்காம் பிரிவோடு பிணைந்து மடங்கிக் கிடக்கிறது. தூதுப் புரதம் முதற் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் இடையே அமர்ந்ததும் ஏற்பி நிமிர்கிறது. மடங்கிய கரம் விடுபடுகிறது. அருகிலுள்ள மற்றோர் ஏற்பியின் கரத்தைப் பற்றுகிறது. தூதன் இரண்டு ஏற்பிகளுக்கும் நடுவே பாலமாக நிற்பதில்லை. ஏற்பிகள் தாமே கைகோக்கின்றன. வெளியே இவை இணையவே, உள்ளே இரு நொதிப் பகுதிகளும் நெருங்குகின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தூண்டி எழுப்புவதை 2006-இல் ஜான் குரியன் குழுவினர் விளக்கினர். பின்னர் ஏற்பியின் வால்மீது பாஸ்பேட் ஏறுகிறது. அவ்வடையாளத்தை நாடி வேறு புரதங்கள் கூட, செய்தி உட்கருவரை செல்கிறது.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. செட்டுக்ஸிமாப் என்னும் மருந்து ஏற்பியின் வெளிப்புறத்தை அடைத்துத் தூதனைத் தடுக்கிறது. ஜெஃபிடினிப் உட்புறம் புகுந்து நொதியை அடக்குகிறது. இவ்வேற்பியிலேயே மாறுதல் நேர்ந்த நுரையீரல் புற்றுநோயாளர் சிலருக்கு ஜெஃபிடினிப் வியத்தகு பயன் தருவது 2004-இல் தெரியவந்தது. காலப்போக்கில் ஏற்பி மேலும் உருமாறி மருந்தை எதிர்ப்பதும் உண்டு. ஆதலால் போராட்டம் தொடர்கிறது.

உரிய காலத்துக்கு முன்னரே திறந்த கண்களைக் கண்டு ஒருவர் வியந்தார். வியந்ததோடு நில்லாமல் காரணத்தைத் தேடினார். பயன் கருதாது தொடங்கிய அத்தேடல், பல்லாண்டுகளுக்குப் பின் நோயாளியின் படுக்கையருகே மருந்தாக வந்து நின்றது. அற்பமெனத் தோன்றும் முரண்பாட்டையும் அலட்சியம் செய்யலாகாது என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும்.